எட்டு புள்ளி ஐந்து

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு ரயில் சத்தம் ஒரு சத்தமே அல்ல. பேசிலின் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். சரக்கு வண்டி போகும்போது அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் உரசிக்கொள்ளும். பேசிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிட்டு, வண்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பேசிலின் கைக்குழந்தை எந்த வண்டிக்கும் விழிக்காமல் தூங்கியபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சிக்னல் பார்த்து ஓய்வு பெற்ற பேசிலின் அப்பாவுக்கு அதில் பெருமைகூட இருந்தது.

"ரயில்வே ரத்தம்லா," என்பார் வருகிறவர்களிடம். "வேற எப்படி இருக்கும்?"

ஏழாவது மாதத்தில் டாக்டர் குழந்தையின் காதருகே சின்ன மணி ஒன்றை ஆட்டிப் பார்த்தார். பிறகு வேறு கருவிகள் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை. பிறந்த வாரத்தில் மஞ்சள் காமாலை அளவுக்கு மீறிப் போயிருக்க வேண்டும், நீல விளக்கின் கீழ் வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய ஞாயிற்றுக்கிழமை எடுத்த ரத்தப் பரிசோதனையில் மஞ்சள் அளவு எட்டு புள்ளி ஐந்துதான் இருந்தது என்று பேசில் சொன்னான். அது பயப்படத் தேவையில்லாத அளவு. அப்படியானால் வீட்டுக்குப் போன பிறகு ஏறியிருக்கும் என்று டாக்டர் முடித்துக்கொண்டார்.

அந்த எண் சரியென்றால், தவறு வீட்டில்தான் நடந்திருக்கிறது. பேசிலின் அம்மா சத்தம் போடுகிறவள் அல்ல. குழந்தைக்குக் காலை வெயில் காட்டியிருக்கலாம் என்று ஒரே ஒரு முறை சொன்னாள். பிறந்தது மழை மாதம், வெயிலே இல்லை என்று பேசிலின் மனைவி உர்சுலா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஏழு மாதக் குழந்தையைத் தினமும் காலையில் சட்டை கழற்றி ஜன்னலடிப் பாயில் கிடத்தினாள். குழந்தை வெயிலில் கையை ஆட்டி விளையாடும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். முன்பெல்லாம் சமையலறையில் மாதா கோயில் பாட்டுகளை முணுமுணுப்பவள். இப்போது அதுவும் இல்லை.

குழந்தை பிறந்தது கிள்ளானில் ஒரு சிறிய பிரசவ மருத்துவமனையில். அங்கே ரத்தப் பரிசோதனை முடிவுகளை அச்சிடும் கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதியவன் பேசில்தான். அந்தப் பழக்கத்தில்தான் உர்சுலாவை அங்கே சேர்த்தான்.

கீபோர்டில் பதினெட்டு புள்ளி ஐந்து என்று தட்டினாலும் கம்ப்யூட்டருக்கு அது முதலில் எண் அல்ல, வெறும் எழுத்துச் சரம். பெயரும் ஊரும் போல அதுவும் ஒன்று. அதைத் தசம எண்ணாக மாற்றினால்தான் கூடுதலா குறைவா என்று ஒப்பிட முடியும். நடுவில் எண்ணல்லாத ஏதாவது வந்தால் மாற்றும் கட்டளை அதுவரை வந்ததை மட்டும் எண்ணாக்கி அங்கேயே நின்றுவிடும். அது முதல் இடத்திலேயே வந்தால் விடை பூஜ்யம். புரோகிராம் புதிதாக ஓடத் தொடங்கிய நாட்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எப்போதாவது பூஜ்யம் அச்சாகிறது என்று மேட்ரன் புகார் செய்தார். யாரோ விரல் தவறி வேறு கீயைத் தொடுகிறார்கள் என்று பேசில் நினைத்துக்கொண்டான். எண்ணும் புள்ளியும் தவிர மற்ற எதையும் எறிந்துவிட்டு, மிச்சத்தை மாற்றும்படி சில வரிகள் சேர்த்தான். பூஜ்யம் வருவது நின்றது. மேட்ரன் போனில் நன்றி சொன்னார். யார் எதைத் தட்டுகிறார்கள் என்று அவன் போய்ப் பார்க்கவில்லை.

குழந்தைக்குக் காது கேட்காது என்று தெரிந்து சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிண்டர் பழுது என்று அவனைக் கூப்பிட்டார்கள். பூசை முடிந்து கிள்ளான் பஸ் ஏறினான். லேபில் சாந்தமேரி இருந்தார். வார நாட்களில் அலுவலகத்தில் டைப்ரைட்டரில் கடிதங்கள் அடிப்பவர். ஞாயிற்றுக்கிழமை லேபில் பிறந்த குழந்தைகளின் மஞ்சள் பரிசோதனை மட்டும் இருக்கும் என்பதால் அவரையே உட்காரவைப்பார்கள். பேசில் பிரிண்டரைச் சரிசெய்துவிட்டுச் சும்மா நின்றான். சாந்தமேரி திரையையும் கீபோர்டையும் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்து வேகமாகத் தட்டினார். ஒன்று வர வேண்டிய இடத்தில் அவருடைய இடது சுண்டுவிரல் மேல் வரிசைக்குப் போகவில்லை. வலது மோதிரவிரல் இருந்த இடத்திலேயே அழுந்தியது.

பேசில், ஒன்றுக்கு எந்தக் கீயைத் தட்டினீர்கள் என்று கேட்டான்.

"எல்தான்," என்றார் சாந்தமேரி. "பழைய மிஷின்ல ஒன்னுக்குத் தனியாக் கீ ஏது பேசில்? இங்கிலீஷ் சின்ன 'எல்' எழுத்தைத்தான் அடிக்கணும்னு கான்வென்ட்ல சிஸ்டர் பழக்கினாங்க. ஸ்கிரீன்ல ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு. ஏன், தப்பா?"

அவன் எழுந்திருக்கச் சொல்லி அவர் நாற்காலியில் உட்கார்ந்தான். எல் தட்டி, எட்டு தட்டி, புள்ளி வைத்து, ஐந்து தட்டினான். அந்த எல் எழுத்தை எறிந்துவிட்டு, அவன் எழுதிய வரிகள் எழுதியபடியே எட்டு புள்ளி ஐந்தைக் காட்டின.

இனி மேல் வரிசை ஒன்றையே தட்டும்படி சாந்தமேரியிடம் சொன்னான். புரியாத எழுத்து வந்தால் எறியாமல் நின்று கேட்கும்படி புரோகிராமை மாற்றினான். மேட்ரனை வீட்டிலிருந்து வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னான். ஞாயிறுகளில் பார்த்த குழந்தைகள் எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றான்.

வீடு திரும்பியபோது சாயங்காலம். உர்சுலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை பாயில் பிளாஸ்டிக் கரண்டி ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தது. பேசில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, சாந்தமேரியின் விரலில் தொடங்கித் தான் எழுதிய வரிகள்வரை சொல்லி முடித்தான். அன்று உண்மையில் இருந்தது பதினெட்டு புள்ளி ஐந்து என்றான். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றான்.

உர்சுலா கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"கண்ணுகூட மஞ்சளா இருக்குன்னு அன்னைக்கு நான் சொன்னேன்," என்றாள்.

"சொன்ன."

"ரெண்டு தடவ சொன்னேன்."

"ஆமா."

"மெஷின் சரியாத்தான் சொல்லும்னு நீங்க சொன்னீங்க. நானும் என் கண்ணை நம்பாம விட்டுட்டேன்."

பின்னால் சரக்கு வண்டி வந்தது. டம்ளர்கள் உரசின. இருவரும் வழக்கம்போலக் காத்திருந்தார்கள். குழந்தை கரண்டியைக் கீழே போட்டது, பிறகு தரையின் அதிர்வை உணர்ந்ததுபோல உள்ளங்கையைப் பாயில் பதித்தது. வண்டி போன பிறகும் இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை.

மறுநாள் காலையில் பேசில் எழுந்து வந்தபோது ஜன்னலடியில் வெயில் விழுந்திருந்தது. பாய் சுருட்டிச் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. உர்சுலா குழந்தையைச் சமையலறைக்குக் கொண்டுபோயிருந்தாள். அவள் முணுமுணுக்கும் பாட்டு ஒன்று மெல்லக் கேட்டது. குழந்தையின் கையைத் தன் தொண்டையில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். வாசலில் நின்றவனை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.