பத்துவரை எண்ணவேண்டும்

ஏழு பேருக்கும் தேநீர் வந்தது. ஆறு பேருக்குக் கண்ணாடிக் கிளாஸில். துசாராவுக்கு மட்டும் பேப்பர் கப்பில்.

கொண்டுவந்து தந்தவர் குருபரனின் தாய் விமலாம்பிகை. வாசல் கேற்றடியிலேயே அவர் விசாரணையை முடித்திருந்தார். "சுருவிலிலை எவடம் பிள்ளை?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார். துசாராவும் மடைச்சி மாதிரி, பக்கத்து ஊர்க்காரர் தன் ஊரைக் கேட்கிறார் என்ற வாஞ்சையில், கோயிலுக்கு மேற்கே எந்த ஒழுங்கை, எத்தனையாவது வீடு என்றெல்லாம் ஒப்புவித்தாள். அந்த ஒழுங்கையில் எந்தச் சாதி இருக்கிறது என்பது இரண்டு ஊரும் இருக்கிற அந்தத் தீவு முழுக்கத் தெரியும்.

மூன்று மாதமாக இந்த மாணவர்கள் கம்பஸில் சமூக நீதி உரையாடல் நடத்தப் பழகுகிறார்கள். இன்று கடைசிச் சோதனை. கம்பஸில் வேலைநிறுத்தம் என்பதால் நாரந்தனைக்கு, குருபரன் வீட்டு முற்றத்துக்கு வந்திருந்தார்கள். கதிரைகளை வட்டமாகப் போட்டுச் சாதியைப் பற்றிய உரையாடலைத் துசாரா நடத்தவேண்டும். விரிவுரையாளர் துஷ்யந்தன் புள்ளி போடுவார். தேறினால், அடுத்த மாதம் புதுமுக மாணவர்களின் முதல் வட்டம் அவளுடையது. அதற்காகத்தான் சனிக்கிழமைகளெல்லாம் பஸ் ஏறி அலைந்தாள். நடத்துபவர் கோபத்தைக் காட்டக்கூடாது, தன் கதையைச் சொல்லக்கூடாது. கேள்வி கேட்டால், யாராவது வாய் திறப்பதற்கு இடம் விட்டு மனதுக்குள் பத்துவரை எண்ணவேண்டும்; பிறகு அடுத்த கேள்விக்குப் போகவேண்டும்.

"எங்கடை தலைமுறையிலை உந்தச் சாதியெல்லாம் இல்லை" என்றான் குருபரன், தேநீரை ஊதிக்கொண்டே. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

துசாரா கையிலிருந்த கப்பை நெரித்தாள். அவன் தலையில் கவிழ்த்தால் என்ன? மூன்று மாதமும் வீண். அந்தச் சாதியாக்கள் அப்படித்தான் என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவார்கள். பேசாமல் குடித்தால் புள்ளி கிடைக்கும். அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போய்ப் புதுப் பிள்ளைகளுக்கு முன்னால் உட்காருவது?

எழுந்துபோய், கப்பை வட்டத்தின் நடுவே நிலத்தில் வைத்தாள்.

"குருபரன், எனக்கு மட்டும் ஏன் இதிலை வந்தது?"

துஷ்யந்தன் பேனையை மூடினார். "துசாரா, நடத்திறவை பக்கம் எடுக்கக்கூடாது."

"பக்கம் எடுக்கேல்லை, சேர். கேள்விதான் கேட்டனான்."

குசினி வாசலில் தெரிந்த விமலாம்பிகையின் சேலை உள்ளே மறைந்தது. குருபரன் கிளாஸை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தான். துசாரா எண்ணத் தொடங்கினாள். பத்து வந்தது. அவள் நிறுத்தவில்லை. முப்பது தாண்டியபோது, அவள் நெரித்ததில் அடி விட்டுப்போன கப்பிலிருந்து தேநீர் கசிந்து, கூட்டிவைத்த மணலில் குருபரனின் காலடிப் பக்கமாகப் பரவியது.

நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.