ஐம்பத்து மூன்றாவது வாரம்

விடுமுறைக்கான ஒன்பதாவது யோசனையையும் மகள் தள்ளிவிட்டாள் என்ற செய்தி வந்தபோது, ஹென்னிங் ஒரு வயதான தம்பதிக்கு மடேய்ராத் தீவை விற்றுக்கொண்டிருந்தான். மேசைக்கடியில் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. "வேணாம்ப்பா." அவ்வளவுதான். முந்தைய எட்டுக்கும் இதே பதில்தான். அதில் இரண்டுக்கு அந்த 'ப்பா'கூட இல்லை. அவன் சிரித்த முகம் மாறாமல், "படியே ஏற வேண்டாம் உங்களுக்கு. லிஃப்ட்டு நேரா கடல் வரைக்கும் இறங்கும்" என்று கிழவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். கிழவர் மனைவியைப் பார்த்தார். வியாபாரம் முடிந்தது.

ரான்டர்ஸ் கடைத்தெருவில் செருப்புக் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே இருந்த அந்தப் பயண அலுவலகத்தில் ஹென்னிங்குக்கு இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் எடுத்துக்கொள்கிற காலத்தில் இந்தக் கடைக்கு இன்னும் ஆள் வருகிறதென்றால் அது அவனுக்காகத்தான். கதவைத் திறந்து உள்ளே வருபவர் குடையை என்ன செய்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும் அவனுக்கு. உதறாமல் ஈரத்தோடு மூலையில் போடுகிறவருக்குக் கடற்கரை, மூன்று வேளைச் சாப்பாடு, யோசிக்கத் தேவையில்லாத ஏழு நாள். மடித்துப் பொத்தான் போட்டு வைக்கிறவருக்குப் பழைய நகரம், அருங்காட்சியகம். குடையே இல்லாமல் நனைந்து வருகிறவருக்கு மலை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசும் தம்பதிக்கு இரண்டு நீச்சல் குளம் உள்ள பெரிய விடுதி. புதிதாகத் துணையை இழந்தவர்களுக்குப் பேருந்துப் பயணம். பக்கத்து இருக்கையில் யாராவது பேச்சுத்துணைக்கு இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லி வழிகாட்டிக்கு அவனே தனியாக ஒரு கடிதம் எழுதிவிடுவான். ஊரார் முகமெல்லாம் படித்த மனிதனுக்குப் பெற்ற மகள் எந்த வகை என்று மட்டும் பிடிபடவில்லை.

சில்யேவுக்குப் பதினாலு வயது. அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஹென்னிங்கும் டோர்த்தெயும் பிரிந்தார்கள். சண்டை சச்சரவு பெரிதாக இல்லை. அந்த ஊர் நாள்காட்டியில் ஒவ்வொரு வாரத்துக்கும் எண் உண்டு. அதில் இரட்டைப்படை எண் வருவதெல்லாம் அம்மாவுக்கு, ஒற்றைப்படை எல்லாம் அப்பாவுக்கு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இதே ஏற்பாடுதான். விளையாட வா என்று கூப்பிடுவதற்கு முன் 'நீ இந்த வாரம் எந்த வீடு?' என்று கேட்டுக்கொள்ளும் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சில்யே தன் நீலப் பையோடு இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போவாள், அடுத்த ஞாயிறு அங்கிருந்து இங்கே. இத்தனை வருடத்தில் ஒரு ஞாயிறு தவறியதில்லை என்பதில் ஹென்னிங்குக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வினை இந்த வருடம்தான் வந்தது. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை வருடம் ஐம்பத்து மூன்று வாரமாக நீண்டுவிடும். ஐம்பத்து மூன்று ஒற்றைப்படை. அதை ஒட்டிவரும் புது வருடத்தின் ஒன்றாம் வாரமும் ஒற்றைப்படை. போன தடவை இப்படி வந்தபோது சில்யே காய்ச்சலோடு அம்மா வீட்டிலேயே கிடந்தாள், யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இந்த முறை ஹென்னிங் பிப்ரவரியிலேயே நாள்காட்டியைப் புரட்டிக் கண்டுபிடித்துவிட்டான். சேர்ந்தாற்போல் பதினாலு நாள் மகள் அவனுக்கே! பள்ளிக்கு விடுப்புக் கடிதம்கூட எழுதி வைத்துக்கொண்டான். டோர்த்தெயிடம் சொன்னது நவம்பர் மாதத்தில், தொலைபேசியில்.

"ஐம்பத்து மூணு உன்னோடது, சரி. அதுக்கடுத்த வாரம் என்னோடதுதானே? எங்கப்பாவுக்கு எழுபதாவது பொறந்தநாள் விருந்து இருக்கு, ஹென்னிங்!"

"அதுக்கடுத்தது ஒண்ணாம் வாரம். ஒண்ணு ஒற்றைப்படை. நீயே கையெழுத்துப் போட்டதுதான்."

"நான் ஐம்பத்து நாலுன்னு நெனச்சுட்டேன்."

"நல்லா நெனச்ச. எந்த ஊரு காலண்டர்ல ஐம்பத்து நாலு இருக்கு?"

ஒருவர் சட்டம் பேச ஒருவர் நியாயம் பேச, அரைமணி நேரம் ஓடியது. டோர்த்தெ சமையலறையில் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் என்பதும், சில்யே அதே மேசையில் கம்பு ரொட்டிக்கு ஈரல் மசியல் தடவிக்கொண்டிருந்தாள் என்பதும் ஹென்னிங்குக்கு அப்புறம்தான் தெரிந்தது. நடுவில் அவள் குரல் கேட்டது. கோபமாகக்கூட இல்லை. "ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க. நியூ இயருக்கு அப்புறம் நான் வீடு மாறப் போறதில்ல. இங்கயே இருந்துக்கறேன்."

அன்றிலிருந்து ஹென்னிங் ஹென்னிங்காக இல்லை. சட்டம் கையில் இருந்து என்ன பயன்? பதினாலு வயதுப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்தா வரமுடியும்? ஒரே ஒரு வழிதான் அவனுக்குத் தெரிந்தது, அவன் பிழைப்பு நடத்துகிற வழி. சரியான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பதினாலு நாளில் அவள் சிரித்துவிட்டால், அப்பா வீடும் வேண்டும் என்று அவளே சொல்லிவிடுவாள். அவன் நார்வே பனிச்சறுக்கைச் சொன்னான். கேனரித் தீவு வெயிலைச் சொன்னான். லிஸ்பன், வியன்னா, திமிங்கிலம் பார்க்கும் படகு, இசைக்குழு ஒன்றின் லண்டன் கச்சேரி, எல்லாம் சொன்னான். வேணாம்ப்பா. வேணாம்.

"எத்தனாவது?" என்றாள் பக்கத்து மேசை யூட்டெ, வயதான தம்பதி வெளியே போனதும். ஓய்வுக்கு இரண்டு வருடம் மிச்சமிருந்த பெண்மணி. வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"ஒன்பது."

"ஏம்பா, அவளுக்கு என்னதான் வேணும்னு கேட்டியா?"

"கேட்டா ஒண்ணும் வேணாங்கறா."

"அப்ப அதுதான் வேணும்போல."

"உனக்கு எல்லாமே வேடிக்கை" என்று ஹென்னிங் கத்திவிட்டான். கடைக்குள் வர இருந்த ஒருவர் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவர் குடையை என்ன செய்தார் என்று ஹென்னிங் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே ஐஸ்லாந்துக்கு இரண்டு டிக்கெட் போட்டான், மகளைக் கேட்காமல். எட்டு வயதில் ஒரு குட்டைக் குதிரைமேல் அவள் வாய்கொள்ளாமல் சிரித்த புகைப்படம் அவன் பணப்பையில் இருந்தது. அதை நம்பித்தான் போட்டான்.

ஐம்பத்தோராம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை, சில்யே பை கட்டிக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னான். அவள் பல் கம்பி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். குளியலறையில் இல்லை, கட்டிலுக்கடியில் இல்லை. கடைசியில் பையின் அடியிலேயே கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ப்பா, உன் கடைக்கு நான் வந்தா என்னைய எந்த வகைன்னு சொல்லுவ?"

"குதிரை…" என்று ஆரம்பித்தான்.

"அப்ப எனக்கு எட்டு வயசு." அவள் டப்பாவைத் திறந்து திறந்து மூடினாள். "ஒன்பது வருஷமா வாராவாரம் பெட்டி கட்டறேன். காலைல கண்ணு முழிச்சா ஜன்னல் எந்தப் பக்கம்னு யோசிக்கறேன். இங்க இருந்தா கணக்குப் புத்தகம் அங்க, அங்க இருந்தா ஷூ இங்க. எல்லாரும் லீவுக்கு எங்கயாவது போவாங்க. எனக்கு எங்கயும் போகாம இருந்தாதான் லீவுப்பா."

"அப்ப இங்கயே இரு. என்கூடவே இரு."

"அம்மா?"

கீழே டோர்த்தெயின் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. சில்யே பையைத் தூக்கினாள். ஹென்னிங் அதன் வாரைப் பிடித்துக்கொண்டான். ஏன் பிடித்தான் என்று அவனுக்கே தெரியாது. "ஒரே ஒரு தடவ வாம்மா. அப்புறம் நான் எதுவும் கேக்கமாட்டேன்" என்றான். குரல் உடைந்துவிட்டது, மகள் முன்னால் அவன் அழுதது அதுதான் முதல் தடவை. அவள் அவன் விரல்களை வாரிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கினாள், வலிக்காமல், ரொம்ப மெதுவாக. பிறகு படியிறங்கிப் போனாள்.

ஐம்பத்து மூன்றாவது வாரத்துக்குரிய ஞாயிறு அவள் வரவில்லை. திங்கட்கிழமை காலை ஹென்னிங் தன் பெட்டியைக் கட்டினான். பல் துலக்கும் பிரஷை வைத்துவிட்டு, போகும்முன் துலக்க வேண்டுமே என்று எடுத்தான், திரும்ப வைக்க மறந்தான். விமானம் ஒன்றரை மணிக்கு. அதற்கு முன் கடைசியாக ஒருதரம் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று டோர்த்தெ வீட்டுக்கு வண்டியை விட்டான். பனி கொட்ட ஆரம்பித்திருந்தது.

டோர்த்தெ கதவைப் பாதி திறந்தாள். அவள் முகமும் தூங்காத முகம்தான்.

"அவ வரல, ஹென்னிங். நான் தடுக்கல. விருந்தக்கூட விட்டுட்டு அப்பாகூடப் போயிட்டு வான்னுதான் சொன்னேன். தலையே ஆட்டல."

"அவளக் கூப்பிடு. ஒரு நிமிஷம்."

"அழுதுகிட்டிருந்தா. இப்பத்தான் நிறுத்திருக்கா."

ஹென்னிங் சட்டைப்பையில் இருந்த டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். விற்பதற்கு இனி அவனிடம் ஓர் ஊரும் பாக்கி இல்லை. "சரி, அவ எங்கயும் வரவேணாம்" என்றான். "நான் இங்க இருக்கேன்."

"இங்கயா? உனக்கென்ன கிறுக்கா?"

"உள்ள இல்ல. கார்ல. இது என்னோட வாரம்தானே?"

டோர்த்தெ அவனையே பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

அவன் காருக்குள் வந்து உட்கார்ந்தான். ஐஸ்லாந்துக்காக எடுத்துவைத்த கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து உருவிப் போட்டுக்கொண்டான். பன்னிரண்டரை ஆனது. ஒன்றரை ஆனது. ஊர் சிரிக்கும் என்று நினைத்தான், சிரிக்கட்டும். எதிர்வீட்டுக்காரர் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டே இரண்டுமுறை எட்டிப் பார்த்தார். கால் விறைத்தது. இப்படியே ராத்திரிவரை உட்கார்ந்திருந்து என்ன ஆகப்போகிறது, நாளைக்கு என்ன, அடுத்த வாரம் என்ன என்று யோசித்தான். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

மூன்று மணிவாக்கில் பக்கத்துக் கதவு திறந்தது. சில்யே வீட்டுச் செருப்போடு, கோட்டுகூடப் போடாமல், ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். கிறிஸ்துமஸுக்குச் சுட்டதில் மிஞ்சிய பழுப்புப் பிஸ்கட்டுகள். பையில்லாமல் அவள் இந்தக் காரில் ஏறி எத்தனை காலமாயிற்று என்று அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"பைத்தியம்னு அம்மா சொல்றா" என்றாள்.

"அம்மா சரியாத்தான் சொல்லுவா."

"எத்தன நாள் டூர் இது?"

"பதினாலு நாள்."

"சாப்பாடு சேத்தா?"

"அது நீ கொண்டுவரதப் பொறுத்து."

அவளுக்குச் சிரிப்பு வந்ததா இல்லையா என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. அவள் பின்சீட்டுக்குக் கையை நீட்டி, திறந்து கிடந்த பெட்டியிலிருந்து அவனுடைய கம்பளித் தொப்பியை எடுத்துக் காதுவரை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கால் இரண்டையும் இருக்கைமேல் மடக்கி வைத்தாள். "பிரஷ் எடுத்துட்டு வந்தியா?" என்று கேட்டாள்.

"மறந்துட்டேன்."

"மொதல் தடவ எல்லாரும் மறப்பாங்க" என்றாள் சில்யே, பிஸ்கட்டைக் கடித்தபடி.

அவன் எதுவும் கேட்கவில்லை. புது வருடத்தைப் பற்றியும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே, வீட்டு வாசலிலிருந்து கார் வரைக்கும் பனியில் அவளுடைய செருப்புத் தடம் ஒற்றை வரிசையாக வந்திருந்தது. திரும்பிப் போகும் தடம் இன்னும் இல்லை. வந்த தடத்தின்மேல் பனி விழுந்துகொண்டே இருந்தது.