சட்டைக்குள் இருந்த சிலுவை

கொழும்பு வீதியில் இருந்த ஹலீமின் பழைய நகைக்கடைக்குள் நுழைந்த சரோஜினிதேவி, அவர் காட்டிய கதிரையில்கூட இருக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வெள்ளிச் சாமான்களோடு கிடந்த ஒரு சிலுவையைக் காட்டி, "தம்பி, அதை ஒருக்கா எடுங்கோ" என்றார். பின்னால் மகள் வதனா வேலைக்கு நேரமாகிறதே என்ற முகத்தோடு நின்றாள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய அம்மா ஒருத்தர் மாதம் தவறாமல் வந்து சிலுவை கேட்டால் யாருக்கும் புதினமாகத்தான் இருக்கும். ஹலீமுக்குக் காரணம் தெரியும்.

மகன் யதுர்சன் அம்பிட்டியவில் அறையெடுத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். 2008இல் ஒரு காலை, பஸ்ஸுக்கு நின்றவனை யாரோ வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். தேடி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாய், அந்த அறைக்குப் பக்கத்து வீட்டிலேயே பதினேழு வருடமாக வாடகைக்கு இருக்கிறார். பிள்ளை திரும்பினால் இங்கேதானே வருவான்.

அவனுக்கு ஒரு சிலுவையைக் கொடுத்தவள் கூடப் படித்த மதனி, வேதக்காரப் பிள்ளை. விடுமுறைக்கு வந்த மகனின் கழுத்தில் அதைக் கண்ட அன்று சரோஜினிதேவி போட்ட சத்தம் அயல் முழுக்கக் கேட்டது. "கந்தசட்டி விரதம் பிடிக்கிற வீட்டில என்னடா இது? என்ர கண்ணில படக்கூடாது!" முகத்தையும் திருப்பிக்கொண்டார். அவன் உடனே அதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு சட்டைக் கழுத்தோரம் சங்கிலி மட்டும்தான் தெரிந்தது.

ஆகவே சிலுவை எப்படிப்பட்டது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. ஆனாலும் காணாமற்போனவர் படிவம் ஒவ்வொன்றிலும் அடையாளம் என்ற இடத்தில் "வெள்ளிச் சங்கிலி, சிலுவை" என்று எழுதினார். பத்து வருடத்துக்கு முன் ஓர் அலுவலகத்தில், எங்கோ புதைகுழியில் தோண்டியெடுத்த பொருட்களின் படங்களைக் காட்டினார்கள். ஒன்றில் வெறும் வெள்ளிச் சங்கிலி. "என்ர பிள்ளையின்ர சங்கிலியில சிலுவை இருக்கும். இது அவன்ர இல்லை" என்று தள்ளிவிட்டு, நேரே கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் போய்த் தேங்காய் உடைத்தார். அன்றுபோல் அவர் சந்தோஷப்பட்ட நாள் பிறகு வரவேயில்லை.

ஹலீம் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டார். "இதில யேசுட உருவம் இல்லம்மா. உருவம் வெச்சது கூடுதலா கத்தோலிக்க ஆக்கள் போடுறது. வெறும் சிலுவை மத்தச் சபைக்காரங்கட. அவர் உயிர்த்தெழும்பிட்டாராம், அதான் சிலுவை காலியா ஈக்கி."

மதனி போகும் தேவாலயத்திலும் வெறும் சிலுவைதான். அதைச் சரோஜினிதேவி ஒருநாள் வெளியில் நின்று கண்டிருக்கிறார். கண்ணாடிப் பெட்டியின் மேல் இன்னும் குனிந்தார்.

"நுனியெல்லாம் மூணு மூணு இதழா ஈக்கி பாருங்க. பிதா, சுதன், ஆவி. அடியில வளைஞ்சது நங்கூரம். நம்பிக்கைக்கு அடையாளம்."

அந்தச் சொல்லை மனுசன் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"எந்தப் பக்கம் கூடத் தேய்ஞ்சிருக்குத் தம்பி?"

"முன்பக்கம். துணி உரசித் தேஞ்சிருக்கு. சட்டைக்குள்ளயே போட்டிருப்பாங்க."

அவ்வளவு போதுமாக இருந்தது. சரோஜினிதேவி சிலுவையைப் பறித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, "என்ர ராசா, நான் சொன்னபடியே உள்ளுக்கை போட்டிருக்கிறாய்" என்று கடையே திரும்பிப் பார்க்கக் குழறி அழுதார். அனேகம் பேர் உள்ளேதான் போடுகிறார்கள் என்று ஹலீம் சொன்னதும், ஏலத்தில் மொத்தமாக எடுத்த சாமான் என்று சொன்னதும் அவர் காதில் ஏறவில்லை.

"மதனிக்கு ஃபோன் எடு" என்றார் மகளிடம்.

வதனா திகைத்துப்போனாள். அவளால்தான் பிள்ளை போனான் என்று இத்தனை வருடமும் அந்தப் பெயரையே வீட்டில் எடுக்கவிடாத அம்மா. மதனி இப்போது குண்டசாலையில் ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய். வதனா படத்தை அனுப்பிவிட்டு அழைத்தாள். ஃபோனின் சத்தத்தைக் கூட்டி அம்மாவின் பக்கம் பிடித்தாள்.

"அன்ரி, இது நான் குடுத்தது இல்லை."

"வடிவாப் பார் பிள்ளை. தேய்ஞ்சு போச்சு, அதுதான் உனக்கு..."

"இல்லை அன்ரி. நான் குடுத்தது என்னட்டத்தான் இருக்கு. நீங்கள் பேசின அந்த லீவு முடிஞ்சு வந்த உடனேயே கழட்டித் தந்திட்டார். அம்மா கவலைப்படுறா, நீர் வைச்சிரும் எண்டவர். பிறகு வெறும் சங்கிலியைத்தான் போட்டுக்கொண்டு திரிஞ்சவர். உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சன்."

வதனா ஃபோனை நிறுத்தினாள். சரோஜினிதேவி சிலுவையை மெல்லக் கண்ணாடியின் மேல் வைத்தார். இப்போதுதான் கதிரையில் இருந்தார்.

"பிள்ளை, அந்தப் படத்தில இருந்த சங்கிலி... போய்த் திரும்பக் கேப்பமே?"

"படம் காட்டின அந்தக் கந்தோர் மூடி எத்தினை வருசம் அம்மா."

"நீயும் அந்தப் படத்தைப் பாத்தனியே?"

"என்னை உள்ளுக்கை விடேல்லையே. நீங்கள் மட்டும்தான் பாத்தனீங்கள்."

சரோஜினிதேவி கண்ணை இறுக்கி மூடி நினைத்துப் பார்த்தார். மெல்லிய சங்கிலியா, தடித்ததா? முறுக்கு வேலையா? கொளுக்கி எப்படி இருந்தது? ஒன்றும் வரவில்லை. சிலுவை இல்லை என்று கண்டதும் தள்ளிவிட்டாரே. அதையும் அவர் பார்க்கவில்லை.