கேஸ் பெட்டிக் கன்றுகள்

ஜெயசீலி மண்டியிட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் டேப்பை விட்டாள். முனை மண்ணைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. வீட்டுக்குள்ளே கட்டிலில் கிடந்தபடியே தாவீது அதையேதான் சொன்னார்.

"அமுக்காதட்டி."

"தெரியும். நீங்க பேசாம கிடங்க."

இதயம் வீங்கிவிட்டது, இனி நாள் கணக்குத்தான் என்று ஆஸ்பத்திரியில் அவரை வீட்டுக்கு அனுப்பி ஐந்து நாளாயிற்று. மாட்டுங்கா கல்லூரியில் இருபத்திரண்டு வருஷம் செடி கொடிகளுக்கான ஆய்வுக்கூடத்தில் ஜாடி கழுவியவர் அவள் கணவர். அறுபத்து நாலாம் வருஷ மழைக்காலத்தில் ஒருநாள், ஆலைப் புகையால் காற்றில் கரியமில வாயு கூடிக்கொண்டே போகிறது என்று பேராசிரியர் நம்பிராஜன் பாடம் நடத்தியதை வாசலில் நின்று கேட்டார். "அப்ப மரக்கன்னெல்லாம் என்ன சார் செய்யும்?" என்றார். பையன்கள் சிரித்தார்கள். நம்பிராஜன் சிரிக்கவில்லை.

"நம்ம ஊர் மரத்த யாரும் பாத்ததா எனக்குத் தெரியல. நீங்களே பாருங்களேன்" என்று, கழித்துப்போட்ட இரண்டு கண்ணாடிப் பெட்டிகளைக் கொடுத்தனுப்பினார்.

அவை தாராவி வீட்டு வாசலுக்கு வந்தன. இரண்டிலும் மூன்று புங்கை, மூன்று பாதாம், எருப் போடாத ஒரே மண். ஒன்றில் மட்டும் தினமும், சோடாக்கடை கரீம் பாட்சா ஃபுட்பால் ப்ளாடரில் பிடித்துக் கொண்டுவரும் சோடா கேஸை, அதே கரியமில வாயுவை, தாவீது குழாய் வழியே விடுவார். சோடா குடிக்கிற செடி என்று தெருவே கேலி செய்தது. முதலில் ஜெயசீலியும்தான்.

"கேஸ் பெட்டிப் புங்கை பதினாலு இஞ்சு. சும்மா பெட்டியில பதினொண்ணு."

"பாத்தியா! பாதாம்?"

அவள் இரண்டு தடவை அளந்தாள். கேஸ் விட்டால் எல்லா மரமும் சடசடவென்று வளரும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிற மனுஷன். ஒரு பொய் சொன்னால் சந்தோஷமாகப் போவார். எட்டிப் பார்த்தாள். நோட்டின் மேல் பென்சிலோடு காத்திருந்தார்.

"ரெண்டுலயும் ஒம்போதுதாங்க."

அவர் இரண்டு ஒன்பதையும் நோட்டில் குறித்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று.

"அப்ப மரத்துக்கு மரம் வேறயாட்டி! நான் எல்லாம் ஒண்ணுபோலன்னுல்லா நெனச்சேன். ஏன் அப்படி? எழுது, நீயே எழுது."

உள்ளே போய் நோட்டை வாங்கி, அஞ்சாம் வகுப்புப் படித்த கையால் அவள் எழுதினாள். வித்தியாசம் என்பதற்கு 'த்தி'யா 'த்தீ'யா என்று கேட்கத் திரும்பியபோது அவர் போயிருந்தார். ஒரு பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பவர் முகம் போலவே இருந்தது அந்த முகம்.

மறுநாள் அடக்கம் முடிந்து நம்பிராஜன் வீட்டுக்கு வந்தார். நின்றபடியே நோட்டைப் புரட்டினார்.

"கடைசி வரி யார் எழுத்து?"

"என்னுதுதான் சார்." ஜெயசீலி சற்றுத் தயங்கினாள். "பாதாமுக்கு மண்ணுல சத்துப் பத்தலயோ? எரு போட்டுப் பாத்தா என்ன?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு பெட்டியிலயும் ஒரேயொரு பாதாம் கன்னுக்குப் போடுங்கம்மா. மத்ததத் தொடாதீங்க."

அடுத்த நாள் காலையில், துக்கம் கேட்க வந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, ஜெயசீலி ஒரு தகர டப்பாவோடு பின்சந்து ராபியாவின் ஆட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

"எவ்வளவு வேணும்க்கா?" என்றாள் ராபியா, எதற்கென்று கேட்காமல் குனிந்து.

"ரெண்டு பிடி போதும்."

காய்ந்த புழுக்கைகள் டப்பாவில் கலகலவென்று விழுந்தன.