டிரம்மில் கை வைத்தவன்

மீட்டர் தொண்ணூறு காட்டியது. அவன் அதை உதறி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடியும் டம்ளருக்குள் விட்டான். தொண்ணூற்றொன்று.

"எவனோ கை வைக்கிறான்."

பின்னறையில் அவனைத் தவிர இருந்தவை மீன்கள்தான். அவை வாயைத் திறந்து மூடின. சாட்சி சொல்லும் உத்தேசம் அவற்றுக்கு இல்லை.

போன வாரம் இதே டிரம்மில் தண்ணீர் பத்துக்குள் இருந்தது. தினம் நாலு தடவை அளந்தான், தினமும் ஏறியிருந்தது. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதுதான் அந்த எண். வீட்டுக் குழாயில் வருவது முந்நூறுக்கு மேல். அதில் துணி துவைக்கலாம், அவன் விற்பனைக்கு வளர்க்கும் டிஸ்கஸ் மீனின் முட்டை பொரிக்காது. அதற்காகத்தான் சுவரில் ஆர்.ஓ. மிஷின், அதன் கீழே இரண்டு குடம் பிடிக்கிற டிரம், தண்ணீர் குறைந்தால் மிஷினை ஓடவிட்டு நிரம்பியதும் நிறுத்துகிற மிதவை.

மிஷின் வருவதற்கு முன்னால் இரண்டு ஈடு முட்டை வெளுத்து நாசமாகிவிட்டது. பெண் மீன் மூன்றாவது ஈட்டுக்காக, முட்டை ஒட்டுவதற்கென்று வைத்திருந்த மண் கூம்பைக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவை பொரிச்சா மீன். பொரிக்கலேன்னா ஷிப்ட்." ஷிப்ட் என்றால் கிடங்கில் இரவு ஷிப்ட். அவன் சொல்லாமல் கொள்ளாமல் பாதியில் விட்டுவிட்டு வந்த வேலை. சூப்பர்வைசர் நல்ல மனுஷன், மாசக் கடைசி வரை இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அங்கே திரும்பிப் போவதைவிட மீனுக்குத் தீவனமாகப் போகலாம் என்றிருந்தது அவனுக்கு.

முதலில் மிஷின் மேலேயே சந்தேகப்பட்டான். டிரம்மைக் காலி செய்து, மிஷினை நன்றாக ஓடவிட்டு, குழல் நுனியில் மீட்டரைப் பிடித்தான். ஒன்பது. மிஷின் யோக்கியன். அப்படியானால் யோக்கியன் இல்லாதது வீட்டு மனுஷர்கள்.

வீட்டில் இருந்ததே மூன்று பேர். அவன், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மனைவி, அவளுடைய தம்பி. தம்பி குழாய்ச் சாமான் கடையில் வேலை, ஆளும் நீளமாக இருப்பான். அதனால் பெயரே குழாய் ஆகிவிட்டது. மிஷினை மாட்டிக் கொடுத்ததும் அவன்தான்.

"இஸ்திரிப் பெட்டிக்கு டிரம்மிலேர்ந்து தண்ணி எடுத்துட்டு, பதிலுக்குக் குழாய்த் தண்ணி ஊத்தினியா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"எடுத்தா என்ன, உங்க மீன் கோவிச்சுக்குமா?"

"எடுத்தியா இல்லையா?"

"இல்ல. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போய் வேலையப் பாருங்க."

கூடத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த குழாய் யாரும் கேட்காமலே சொன்னான்: "நான் அந்த டிரம்ம தொடவே இல்ல அத்தான்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை. அவன் மனதில் அதைக் குறித்துக்கொண்டான்.

அன்றே டிரம் மூடியின் விளிம்பில் தன் தலைமுடி ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டினான். யார் மூடியைத் திறந்தாலும் முடி விழுந்துவிடும். பிறகு காலையில் ஒரு டம்ளர், குளித்துவிட்டு ஒரு டம்ளர், சாப்பிட்டுவிட்டு ஒரு டம்ளர் என்று டிரம்மின் அடிக்குழாயில் பிடித்துப் பிடித்து அளந்தான். அளந்ததை வாஷ்பேசினில் கொட்டினான். அறுபது. எழுபத்தைந்து. எண்பத்தெட்டு. முடி மட்டும் ஒட்டின இடத்திலேயே இருந்தது.

முடி விழாமல் உப்பு எப்படி உள்ளே போகும்? மேலே இல்லையென்றால் குழல் வழியாகத்தான். மிஷினின் குழலைக் கழற்றி, வீட்டுக் குழாய்த் தண்ணீரை நேராக டிரம்முக்குள் விட்டுவிட்டு, பழையபடி மாட்டிவிட வேண்டும். இதைச் செய்ய ஸ்பேனரும் வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். வீட்டில் இரண்டும் ஒரே ஒருத்தனிடம்தான் இருந்தது.

காரணமும் இருந்தது. தொட்டிகள் வருவதற்கு முன்னால் பின்னறை குழாயுடையது. எலி வளையானாலும் தனி வளை. மீன் தொழில் ஊத்திக்கொண்டால் தொட்டிகள் போகும், அறை திரும்பி வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் மீன் முட்டையிட்டது. கூம்பு முழுக்க, ஜவ்வரிசியைவிடச் சின்னதாக, வரிசை வரிசையாக. மத்தியானச் சாப்பாட்டில் அவன் தட்டை ஒதுக்கிவிட்டுக் கேட்டான்.

"மாப்ள, குழல எப்போ கழட்டுற? நான் குளிக்கும்போதா?"

குழாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தான். "என்ன அத்தான், அந்த மீன் எதாவது உங்க காதுல சொல்லிச்சா?"

"முட்டை வச்சிருக்கு. இனிமே இதுல கை வச்சே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

"இப்ப மட்டும்?"

"டேய்!" என்றாள் அக்கா.

"நீ இரு அக்கா. என் ரூம எடுத்துக்கிட்டார், நான் ஒண்ணும் சொல்லல. சுவத்துல ஓட்டை போட்டு, முட்டி தேய உக்காந்து அந்த மிஷின நானே மாட்டிக் கொடுத்தேன். இப்ப திருட்டுப் பட்டம் வேறயா?" கையைக் கழுவினான். மாற்றுச் சட்டையை எடுத்துக்கொண்டு, கடை முதலாளி வீட்டு மாடியில் படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மனைவி அப்புறம் பேசவில்லை. பாத்திரங்கள் பேசின.

மறுநாள் காலையில் அளந்தான். தொண்ணூற்று நான்கு.

குழாய் இல்லை. மனைவி எழுந்து நேராக வேலைக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது பின்னறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காதது அவனுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. வாசல் கதவைத் தாழிட்டான், ஜன்னல்களைச் சாத்தினான், பின்னறைக்குள் ஸ்டூலைப் போட்டு டிரம்முக்கு எதிரில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளர் அளந்தான். தொண்ணூற்று ஐந்து. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டம்ளர். தொண்ணூற்று ஏழு.

பூட்டிய வீட்டில், அவன் கண்ணெதிரே, எவனோ கை வைத்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு டம்ளர் பிடித்தான். டிரம்முக்குள் மிதவை இறங்கியது. சுவரில் மிஷின் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. வாரம் முழுக்க ஒவ்வொரு டம்ளருக்கும் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான். இன்றைக்கு வீட்டில் வேறு சத்தம் இல்லாததால் காதில் விழுந்தது. மூடியைத் திறந்தான். முடி விழுந்தது. குழல் நுனியில் மீட்டரைப் பிடித்தான்.

இருநூற்றுப் பத்து.

நூற்றெண்பது. நூற்றைம்பது. எண் இறங்கிக்கொண்டே வரும்போது டிரம் நிரம்பி மிஷின் நின்றுவிட்டது. நூற்றுப் பத்தோடு சரி.

மிஷின் சும்மா நிற்கும்போது, உள்ளே உப்பை வடிகட்டுகிற சவ்வுக்கு அந்தப் பக்கத்து உப்பு மெதுவாக இந்தப் பக்கம் கசிந்துவிடும். மறுபடி ஓடத் தொடங்கினால் முதலில் வெளியே வருவது அந்தத் தண்ணீர்தான். தொடர்ந்து ஓடினால்தான் எண் இறங்கும். அன்றைக்கு அவன் நன்றாக ஓடவிட்டு அளந்தான், ஒன்பது காட்டியது. அதற்கப்புறம் டம்ளர் டம்ளராக எடுத்தான். ஒவ்வொரு டம்ளர் நல்ல தண்ணீருக்கும் ஈடாக மிஷின் ஒரு டம்ளர் கெட்ட தண்ணீரை ஊற்றிவிட்டு நின்றது. திருடனைப் பிடிக்க எத்தனை தடவை அளந்தானோ அத்தனை தடவை அவனே உப்பைச் சேர்த்திருக்கிறான்.

தன்னைத் திட்டிக்கொள்ள நேரமில்லை. டிரம்மைக் கவிழ்த்தான். குழலை வாஷ்பேசினில் விட்டு, எண் பத்துக்குக் கீழே வரும்வரை ஓடவிட்டு, அப்புறம்தான் டிரம்முக்குள் மாற்றினான். நிரம்பியதும் மிஷினின் வயரைப் பிடுங்கினான். தொட்டித் தண்ணீரை மீன் பயப்படாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினான். கூம்பில் ஒரு பக்கம் ஏற்கனவே வெளுத்திருந்தது. மறுபக்கம் இன்னும் தேன் நிறத்தில் இருந்தது.

சாயங்காலம் குழாய்க்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னான்.

"அப்ப கை வச்சது யாரு அத்தான்?"

"நான்தான்."

"சரியா கேக்கல."

"நான்தான்டா!"

பின்னால் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. குழாய் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். "வீட்டுக்கு வந்துடு மாப்ள."

"பாக்கலாம்," என்றான் குழாய்.

முட்டைகளில் பாதி வெளுத்தன. மீதிக்கு வால் முளைத்தது. கூம்பில் தலை ஒட்டிக்கொண்டு வால்கள் துடிப்பதை மனைவி கண்ணாடியில் மூக்கு படப் பார்த்தாள். "இதெல்லாம் உயிரா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அவள் அவனிடம் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அது. அவன் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். சொல்லும்போது குரல் கொஞ்சம் அதிகமாகவே ஏறியிருந்தது.

சனிக்கிழமை குழாய் வந்தான். தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து குஞ்சுகளைப் பார்த்தான்.

"பரவாயில்லையே. சந்தேகப் பிராணிக்குப் பிறந்தது மாதிரி ஒண்ணுமே தெரியல."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தான். மனைவி தேநீர் போடப் போனாள்.

குழாய் எழுந்து, கூடத்து மூலையில் கிடந்த தன் சாமான்களைத் தோள்பையில் போட ஆரம்பித்தான். கொஞ்ச நாள் மாடியிலேயே இருந்து பார்க்கிறேன், காற்று நல்லா வருது என்றான். அவன் நிலைப்படியில் சாய்ந்து நின்று, போகாதே என்று எப்படிச் சொல்வது என யோசித்துக்கொண்டிருந்தான். அப்போது குழாய் எதையோ கனமாகப் பைக்குள் போட்டான். டங்கென்று இரும்புச் சத்தம்.

குழாய் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். பிறகு பையின் வாயை இரண்டு கையாலும் அகல விரித்து அவன் பக்கம் நீட்டினான்.

"பாருங்க அத்தான். துணி, சார்ஜர், ஸ்பேனர். ஸ்பேனர் என்னோடது."

"சேச்சே, நான் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தான்.

ஆனால் அதற்குள் கண் பைக்குள் போய்விட்டது. துணி, சார்ஜர், ஸ்பேனர். அவன் பார்த்ததைக் குழாயும் பார்த்தான், தேநீரோடு வந்து நின்ற மனைவியும் பார்த்தாள். குழாய் பையின் ஜிப்பை இழுத்து மூடி, அக்காவிடமிருந்து டம்ளரை வாங்கி, நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினான்.