வளைவு சரிதான்

"நீ அங்க போய்க் கணக்குப் படிப்பிக்காத, டோரின். அழு. அது காணும்," என்று என் மனுசன் ஒஸ்வால்ட் வீட்டுக் கேற்றடி மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். பொலிஸுக்கு அவர் வந்தால் அவரையும் உள்ளே போடுவார்கள். அதனால் நான்தான் போனேன். அழச் சொன்னால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள் கொட்டாஞ்சேனையை வளைத்து வீடு வீடாகச் சோதித்தார்கள். எங்கள் மகன் பேர்னாட்டின் மேசையில் ஒரு படம் கிடந்தது. இரண்டு கம்பங்கள், நடுவே தொய்ந்து தொங்கும் ஒரு கோடு, நுனிகளில் அம்புக்குறிகள். ஏ.எல். பரீட்சைக்குச் செய்த கணக்கு. "இது என்ன வயர்?" என்று கேட்ட பொலிஸ்காரன் படத்தையும் கொண்டுபோனான், பிள்ளையையும் கொண்டுபோனான். பாழாய்ப்போன அந்தப் படத்தால்தான் எல்லாம் வந்தது என்று நினைத்தேன்.

பொலிஸில் இன்ஸ்பெக்டர் சின்னப் பெடியன். நான் கணக்கு டீச்சர், இது வெறும் கணக்குப் படம் என்று சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. தாலிக்கொடியைக் கழற்றினேன். நடுவில் பாரம் இருந்தால் வளைவு பிழையாகிவிடும். தாலியை உருவி மேசையில் வைத்துவிட்டு, கொடியை இரண்டு நுனியிலும் பிடித்துத் தொங்கவிட்டேன்.

"சங்கிலி தன்ர பாரத்தில தானே எடுக்கிற வளைவு, சேர். எவ்வளவு இழுத்தாலும் நேராகாது. இதைத்தான் மகன் கீறினவன்," என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவன் படத்தைக் கொடிக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தான். கோடும் கொடியும் பொருந்தின. "வளைவு சரிதான், டீச்சர். நானும் ஏ.எல்.இல மெட்ஸ்தான் செய்தேன்," என்று சிரித்தான். என் கடவுளே, எனக்கு வந்த சந்தோஷம்! வகுப்பில் ஒரு மக்குப் பிள்ளைக்கு விளங்கிவிட்டால் வருமே, அது.

படத்தை மடித்து என்னிடம் தந்தான்.

"அப்ப மகன்?"

அவன் பின்னால் கையைக் காட்டினான். சுவரோரம் நீள வாங்கில் பெடியன்கள் நெருக்கியடித்துக் குந்தியிருந்தார்கள். முகத்துவாரம், தெமட்டகொடை, எங்கிருந்தெல்லாமோ. நடுவில் பேர்னாட்.

"அவங்கள் ஒருத்தனிட்டயும் படம் இருக்கவில்லை, டீச்சர்."

தமிழ், ஆண், இந்த வயது. அவ்வளவுதான் கணக்கு. எதை நிரூபிக்க வந்தேனோ அதை யாரும் கேட்டிருக்கவே இல்லை.

வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்னொருவனை இழுத்துவந்தார்கள். வாங்கிலிருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒரு பக்கமாக அரக்கினார்கள். என் மகனும் என்னைப் பார்த்தபடியே தள்ளியிருந்து அவனுக்கு இடம் விட்டான்.