சிவப்புக் கோடு போட்ட தட்டு

என் தட்டின் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. நகப்பூச்சு. என்னுடையதுதான், என் தட்டு மற்றதோடு கலக்காமலிருக்க அத்தை, அதாவது என் மாமியார், கேட்காமல் எடுத்துப் பூசியது. தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, மிச்சம் மீதியைப் பொசுக்கக் கதிரியக்க அயோடின் கொடுத்து அனுப்பியபோது, சில நாள் ஒதுங்கி இருக்கச் சொன்னார்கள். சில நாள்! பதினான்கு மாதம் ஆகிவிட்டது. கோடு அழியவில்லை.

இதில் என் வாய்க்கொழுப்புக்கும் பங்கு உண்டு. ஒதுங்கியிருந்த அறையிலிருந்து, “கரண்ட் போனா சொல்லுங்க அத்தை, நான் வந்து நிக்கறேன், வீடே பளிச்னு ஆயிடும்” என்று கத்தினேன். தையல் ஆலையில் துணி வெட்டுகிறவள் நான். பேச்சை எங்கே வெட்டுவது என்று மட்டும் தெரியாது. அத்தை சிரிக்கவில்லை. நம்பிவிட்டார்.

குழந்தைக்கு ஒரு வருடம் பொறுக்கச் சொன்னார் டாக்டர். பொறுத்தோம். இப்போது ஏழு வாரக் கர்ப்பம். சொன்னதும் அத்தையின் வாயிலிருந்து வந்த முதல் சொல், “கலைச்சிடலாமா?”

டாக்டரிடம் ஓடினேன். “அயோடின் எப்பவோ போயாச்சும்மா. தைராய்டு மாத்திரையை விட்டுடக் கூடாது, அதுக்குப் பயப்படுங்க. உங்களுக்குத் தைராய்டு சுரப்பியே இல்லை. முதல் மாசங்கள்ல குழந்தையும் அந்த மாத்திரையை நம்பித்தான் இருக்கு.” அளவைக் கூட்டி எழுதினார். வீட்டில் ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன்.

இன்று காலை மாத்திரை டப்பாவைக் காணோம்.

“குப்பை வண்டியில போட்டுட்டேன்” என்றார் அத்தை. “உடம்பு பூரா கதிரு. அதுக்கு மேல மருந்து வேறயா? பிள்ளை உண்டானவ பண்ற வேலையா இது?”

“கலைக்கச் சொன்ன பிள்ளைதானே? இப்ப எங்கேருந்து வந்துச்சு அக்கறை?”

ஆலையில் அத்தனை மெஷின் ஓடும்போதுகூட நான் இப்படிக் கத்தியதில்லை. கணவர் எழுந்து வந்தார். கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிறவர். வீட்டில் எதுவும் கண்ணில் படாது.

“அம்மா நல்லதுக்குத்தான்…”

“உங்க கடைக்கு வர்றவரோட கண்ணாடியைப் பிடுங்கி உடைச்சிட்டு, நல்லதுக்குத்தான்னு சொல்வீங்களா? போங்க. மருந்துக் கடைக்கு. இப்பவே!”

பல்கூட விளக்காமல் போனவர் இரண்டு டப்பாவோடு வந்தார். வெறும் வயிற்றில் விழுங்கினேன். அப்புறம் அரை மணி நேரம் எதுவும் தின்னக் கூடாது. கோபத்தைத்தான் மென்றுகொண்டிருந்தேன்.

பிறகு என் தட்டில் சாப்பாட்டைப் போட்டு அத்தையின் முன்னால் தள்ளினேன்.

“சாப்பிடுங்க. பதினாலு மாசமா இதுலதான் நான் சாப்பிடறேன்.”

அத்தை கைகளை மடியில் பொத்திக்கொண்டார். வீம்பு இல்லை, நிஜமான பயம். நான் விளையாட்டாக ஊட்டிவிட்ட பயம். எனக்குப் பரிதாபம் எட்டிப் பார்த்தது. அதை வெளியே போ என்று விரட்டினேன்.

கணவர் கையை நீட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“டேய்!” என்றார் அத்தை.

அவர் சிவப்புக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்துத் தட்டைப் பிடித்தபடி, குனிந்து சாப்பிட்டார்.

“வெள்ளிக்கிழமை எனக்கு ரத்தப் பரிசோதனை” என்றேன். “நீங்களும் வர்றீங்க அத்தை. கேக்க வேண்டியதையெல்லாம் டாக்டர்கிட்டயே கேளுங்க. என்கிட்ட கேட்டா நக்கல்தான் வரும்.”

அத்தை வெகுநேரம் மகனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை மணிக்கு?”

“ஒன்பதுக்கு.”

இரண்டாவது டப்பாவை வேலைப் பையின் அடியில், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.